தருவதற்கு ஒரு சொல், கொடுப்பதற்கு ஒரு சொல்

ஜித்தா

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். பெரியவளுக்கு வரன் அமைந்த செய்தியை வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். தை மாதம் என்றால் எனக்கு விடுப்பு கிடைக்கும், கட்டாயம் வருகிறேன். இங்கே ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள்.

சரி, நம் இருவருக்கும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கிடங்கில் கணக்குப் பார்ப்பவர் ஒரு சூடான்காரர். எல்லோரிடமும் அரபியில் பேசுவார். பெட்டிகளை எண்ணும்போது மட்டும் வேறு மொழிக்குப் போய்விடுவார்: வேர், உவ்வோ, துஸ்கு, கெம்ஸோ, திஜா, கோர்ஜோ, கொலொத், இத்வோ, ஓஸ்கொத், திமே. பத்து வரை அவ்வளவுதான். அதுதான் நோபீன். எகிப்தின் தெற்கிலும் சூடானின் வடக்கிலும் நைல் கரையில் பேசப்படும் நூபிய மொழிகளில் ஒன்று.

அந்த எண்களைத் தமிழில் எழுதினால் பாதிதான் வருகிறது. அசைக்கு அசை குரல் ஏறவும் இறங்கவும் வேண்டும். நூபிய மொழிகளில் இந்தச் சுர வேறுபாட்டின் மிச்சம் மீதிதான் இருக்கிறது என்று கார்ல் மைன்ஹோஃப் போன்ற பெரிய அறிஞரே சொல்லிவைத்திருந்தார். பழைய நூபிய ஏடுகளில் அதற்குக் குறியீடு இல்லாததும் அவர் அப்படி முடிவுகட்ட ஒரு காரணம். நோபீன் முழுச் சுரமொழி, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தால் பொருளே மாறும் மொழி என்று முதலில் கண்டுகொண்டவர் ஹெர்மன் பெல். 1987இல் ரோலண்ட் வெர்னர் எழுதிய இலக்கணம் அதை விரிவாகக் காட்டியது. எழுத்தில் இல்லாததை மொழியிலேயே இல்லை என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம் பார்.

எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை நம்முடையதேதான். இரண்டாம் வேற்றுமைக்கு ‘கா’ என்று ஓர் உருபு. அதன் ககரம் ‘தங்கம்’ என்பதில் வருவது போல மெலிந்து ஒலிக்கும். புணர்ச்சியும் உண்டு. ‘கம்பு’ என்பதில் கேட்கும் மெல்லிய பகரம்தான் அவர்களுக்கு இயல்பு, ‘கப்பல்’ என்பதில் வரும் அழுத்தமான பகரம் தனித்து வராது. ஆனால் அரபியிலிருந்து போன ‘கிதாப்’ என்ற சொல்லோடு ‘கா’ சேர்ந்ததும், கடைசி எழுத்தும் உருபும் இரண்டுமே வல்லெழுத்தாக மாறி ‘கிதாப்கா’ என்று அழுத்தமாக விழும். ஆண்பால், பெண்பால் கிடையாது. அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் ‘தர்’ ஒன்றுதான்.

நான் உனக்கு எழுத உட்கார்ந்ததே வேறு இரண்டு விஷயங்களுக்காக. அம்மா என்று பொதுவாகச் சொல்ல அவர்கள் பழக்கத்தில் இடமில்லை, யாருடைய அம்மா என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கும். அனேன் என் அம்மா, இனேன் உன் அம்மா, தனேன் அவருடைய அம்மா. நம் சங்கப் பாட்டின் யாய் (என் தாய்), ஞாய் (உன் தாய்), தாய் (அவர் தாய்) உனக்கு ஞாபகம் வருமே! எந்தை, நுந்தை, தந்தையும் அப்படித்தானே. நாம் தாயையும் தந்தையையும் எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டு மற்றதைச் செய்யுளோடு விட்டுவிட்டோம். அவர்கள் இன்றும் அப்படியே பேசுகிறார்கள்.

இரண்டாவது, கொடுப்பதற்கு இரண்டு வினைகள். வாங்குபவர் நானோ நாங்களோ என்றால் ‘தேன்’. உனக்கோ அவருக்கோ என்றால் ‘திர்’. பழைய நூபியத்திலும் இந்த இரட்டை இருக்கிறது. தரு என்ற சொல் தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடை படர்க்கைக்கு என்று தொல்காப்பியர் வகுத்ததை நினைத்துப் பார். நாம் ‘உனக்கு’ என்பதை ‘எனக்கு’ பக்கம் சேர்த்தோம், அவர்கள் ‘அவருக்கு’ பக்கம் தள்ளிவிட்டார்கள். கோடு விழுந்த இடம்தான் வேறு. இதைக் கேட்டதும் தமிழுக்கும் நூபியத்துக்கும் உறவு என்று யாராவது கிளம்பினால் நீ தடுத்துவிடு. அது ஆப்பிரிக்க மொழிக்குடும்பம், நம்மோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்: ஒருவரை ஒருவர் பார்க்காமலே இரண்டு மொழிகள் பெறுபவரைப் பார்த்து வினையை மாற்றுகின்றன.

ஏறக்குறைய எட்டாம் நூற்றாண்டிலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டு வரை அவர்களுக்குச் சொந்த எழுத்து இருந்தது. கிரேக்க எழுத்துகளையும் எகிப்தியக் கிறித்தவர்களின் காப்டிக் எழுத்துகளையும் எடுத்துக்கொண்டு, அவற்றில் இல்லாத ங, ஞ, வ ஒலிகளுக்கு மூன்று எழுத்துகளைச் சேர்த்தார்கள். அவற்றில் ஞ, வ இரண்டும் அதே நைல் கரையில் முன்பு வழங்கிய மெரோயித்திக் என்ற எழுத்திலிருந்து வந்தவை. இப்போது அரபி எழுத்தும் லத்தீன் எழுத்தும் அந்தப் பழைய எழுத்துமாகப் பலவிதமாக எழுதுகிறார்கள்.

அஸ்வான் உயர் அணைக்காக ஊர்களெல்லாம் நீரில் போயின. சூடானின் வட எல்லையில் இருந்த வாடி ஹல்ஃபா ஊர்க்காரர்களை 1964இல் ரயிலேற்றி, அட்பரா ஆற்றங்கரையில் கஷ்ம் எல் கிர்பாவில் குடிவைத்தார்கள். எங்கள் கணக்காளர் அங்கே பிறந்தவர். பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள், பதிலை அரபியில் சொல்கிறார்கள் என்று வருத்தப்பட்டார். அவர் சம்மதத்தோடு கொஞ்சம் பதிவு செய்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன்.

உன்னால் ஒரு வேலை ஆக வேண்டும். மலையாளத்தில் ‘தருக’வும் ‘கொடுக்குக’வும் இன்னும் தனித்தனி. கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கம் தமிழ் பேசும் பெரியவர்கள் ‘எனக்குத் தா’ என்கிறார்களா, ‘எனக்குக் கொடு’ என்கிறார்களா? ‘அவனுக்கு’ என்னும்போது எது வருகிறது? நேரடியாகக் கேட்காதே, யோசித்துச் சொல்லிவிடுவார்கள். சந்தையில் நின்று காதில் விழுவதைக் குறித்து அனுப்பு.

அன்புடன்,
உன் ராஜன்