தரங்கம்பாடி நாவலுக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

தரங்கம்பாடியின் பழைய அச்சுக்கூடத்தைக் களமாகக் கொண்டு நான் எழுதிய நாவல் அண்மையில் நூலாக வெளிவந்துவிட்டது. பதிப்பாளர் ஒதுக்கித் தந்த அரைப்பக்கத்தில் உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லி முடியாததால் இம்மடலை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டீர்கள்; ஆகவே எவர் பெயரையும் குறிப்பிடவில்லை. படிக்கும்போது அவரவர் பங்கு அவரவருக்குத் தெரிந்துவிடும்.

இந்தக் கதைக்கான உந்துதல் எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் கேட்கிறார்கள். டேனியர் இங்கே கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை மதிலில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது என்று சொன்னால் கேட்பவர்களுக்கு இனிக்கும். ஆனால், ஒரு தொழிலைச் செய்து செய்து பழகியவர்கள் அதை எனக்குச் செய்துகாட்டிய பொழுதுகளில்தான் கதை வந்தது. வரலாறு அதற்குச் சட்டகம் மட்டுமே தந்தது.

அந்தச் சட்டகம் பலரும் அறிந்ததே. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க்கைச் சேர்ந்த டேனியருக்கு இவ்வூரில் வணிகம் செய்ய இசைவளித்தார்; 1706 ஜூலையில் ஜெர்மானியக் கிறித்தவ மறைப்பணியாளர் சீகன்பால்கு வந்திறங்கினார். இலண்டனிலிருந்து அனுப்பப்பட்ட அச்சு இயந்திரம், வழியில் கப்பல் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கி மீண்டு, 1712இல் வந்துசேர்ந்தது. அதை இயக்குவதற்காக உடன் வந்த அச்சர் யோனாஸ் ஃபிங்க் கடல்வழியிலேயே இறந்துபோக, டேனியக் கம்பெனிப் படையில் அச்சுத்தொழில் அறிந்த ஒருவரைத் தேடிப்பிடிக்க வேண்டியதாயிற்று. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் 1713இல் வந்தன. அவை அளவில் பெரியவை, தாளை விழுங்கின. ஆகவே ஜெர்மானிய அச்சுக் கலைஞர் யோஹான் காட்லீப் ஆட்லர் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சேறியது. இயந்திரத்தை அனுப்பியவர், எழுத்தை வார்த்தவர், மொழிபெயர்த்தவர் எல்லோருக்கும் வரலாற்றில் இடம் இருக்கிறது. அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த உள்ளூர்க் கைகளைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. என் நாயகன் அங்கே வேலைக்குச் சேரும் ஒரு பையன், முழுக்கக் கற்பனை.

கற்பனை என்று சொல்லிவிட்டேனே தவிர, அவனுடைய விரல்கள் மயிலாடுதுறையில் நெடுங்காலம் கம்போசிட்டராக, அதாவது அச்சுக்கோப்பவராக, இருந்த ஐயா ஒருவருடையவை. முதல் நன்றி அவருக்கே. அச்சகம் மூடப்பட்ட பின்னும் எழுத்துகளை அறை அறையாகப் போட்டுவைக்கும் ஒரு கேஸ் பெட்டியையும், அவற்றை வரியாகக் கோக்கும் ஸ்டிக் என்ற கைச்சட்டத்தையும் அவர் வீட்டில் வைத்திருந்தார். ஸ்டிக்கை இடக்கையில் ஏந்தி, எழுத்தின் உடம்பில் வெட்டியிருக்கும் சிறு பள்ளத்தைக் கட்டைவிரலால் உணர்ந்தே அது தலைகீழா நேரா என்று தெரிந்துகொண்டு, கண்ணைப் பிரதியிலிருந்து எடுக்காமல் அவர் ஒரு வரியைக் கோத்து முடித்தார். ‘கொ’ என்று கோக்க வேண்டுமானால் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று அச்சுகளை மூன்று அறைகளிலிருந்து எடுக்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். “கோப்பது பெரிய வேலை இல்லை தம்பி, பிரித்துப் போடுவதுதான் வேலை. எழுத்து பற்றாக்குறை என்றால், அடித்த பக்கத்தைக் கலைத்தால்தான் அடுத்த பக்கம்” என்றார்.

நாவலின் கட்டுமானம் முழுவதும் அந்த ஒரு பேச்சிலிருந்து எழுந்தது. என் பையன் ஒரு பக்கத்தைக் கோக்கிறான், அடிக்கிறார்கள், அவனே அதைக் கலைத்து அறைகளில் போடுகிறான். தான் கோத்த நூலை அவன் ஒருபோதும் முழுதாக வாசிப்பதில்லை. அத்தியாயங்கள் முன்னதை அழித்துக்கொண்டே நகர்வதாக ஒரு திறனாய்வாளர் உத்தியைப் பாராட்டி எழுதியிருந்தார். பாராட்டு ஐயாவைச் சேர வேண்டியது.

ஜெர்மனியில் ஆய்வு செய்யும் தோழிக்கு நான் பட்ட கடன் வேறு வகையானது. சீகன்பால்குவும் அவருடன் பணியாற்றிய குருண்ட்லரும் 1712 முதல் 1714 வரை தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, வந்த பதில்களை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார்கள். அங்கே அச்சான அம்மடல்கள் 99. தமிழ் மூலங்கள் மறைந்துவிட்டன. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம்மவர்கள் பேசியதை நாம் ஜெர்மன் வழியாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பழைய ஜெர்மன் எழுத்துருவை எனக்காக வரிவரியாகப் படித்து, தொலைபேசியிலேயே தமிழில் சொல்லிவந்தார் தோழி. குடியும் மாட்டிறைச்சியும் தூய்மைக் குறைவும் கொண்ட ஐரோப்பியரின் மார்க்கத்தை எப்படி உயர்ந்ததென்பது என்று, பணிவு குறையாமலும் விட்டுக்கொடுக்காமலும் வாதிடும் குரல்கள் அவற்றில் இருக்கின்றன. அந்தக் காலத்து மக்கள் வெள்ளைக்காரர் முன் வாய்பொத்தி நின்றார்கள் என்று எழுதிப் பழகிவிட்ட நம் வரலாற்றுக் கதைகளுக்கு அவை நல்ல மருந்து. என் நாவலில் பையனின் தாத்தா பேசும் தொனி அங்கிருந்தே வந்தது.

தரங்கம்பாடி மீனவர் தெருப் பெரியவர்களுக்கும் நன்றி. துறைமுகச் சுவர் இல்லாத கரையில் கப்பல் தள்ளி நங்கூரமிட, ஆளும் பொருளும் படகில் அலையைத் தாண்டி இறங்க வேண்டும். கனமான ஓர் அச்சுப் பொறியை அப்படி இறக்குவதென்றால் படகை எந்த அலையின் முதுகில் விடுவது, எத்தனை ஆள் கழுத்தளவு நீரில் நின்று தாங்குவது என்று மணலில் கோடு கிழித்து விளக்கினார்கள். வாடைக்காற்றில் இதை யாரும் செய்யமாட்டார்கள் என்றும் சொன்னார்கள். அந்த இடம் நாவலில் ஒன்றரைப் பக்கம். அவர்கள் சொன்னது அரைநாள்.

தரங்கம்பாடிக் கடற்கரையின் மாசிலாமணிநாதர் கோயிலில், கடல் கொண்டுபோனது போக எஞ்சியிருக்கும் பாண்டியர் காலக் கல்வெட்டைப் பற்றி எடுத்துரைத்த கல்வெட்டு ஆய்வாளருக்கும், ‘சடங்கன்பாடி’ என்ற பழைய ஊர்ப்பெயரை நாவலின் முதற்பகுதிக்குத் தலைப்பாக்கலாம் என்ற அவருடைய யோசனைக்கும், ஓலைச்சுவடியைப் புரட்டுகையில் கயிற்றை எப்படித் தளர்த்துவது என்று கைப்பிடித்துக் காட்டிய நூலகத்து அம்மாவுக்கும் என் வணக்கம். நூறு பக்கங்களை வெட்டிய பதிப்பாசிரியருடன் எனக்கு இன்னும் இருபது பக்க வழக்கு இருக்கிறது. மற்ற எண்பதுக்கு நன்றி.

மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் உரிய படிகளை அஞ்சலில் அனுப்பாமல் நானே கொண்டுவருகிறேன். ஐயாவின் படியைப் பெரிய எழுத்தில் தனியாக அச்சிடச் சொல்லியிருக்கிறேன்; அவர் அதைப் பிழைதிருத்தித் திருப்பித் தருவார் என்று வீட்டார் இப்போதே எச்சரித்துவிட்டார்கள். திருத்தங்கள் இரண்டாம் பதிப்பில் சேரும்.

இங்ஙனம்,
நன்றியுடன்,
நாவலாசிரியர்