உண்மைச் சம்பவம் என்று போடுகிறீர்களே, எது உண்மை?

குற்றத் தொடர்களைத் தயாரிப்பவர்களுக்கும் ஒளிபரப்புபவர்களுக்கும்,

வணக்கம். மும்பை தாராவியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் தொடர்களை இந்தியிலும் தமிழ் டப்பிங்கிலும் விடாமல் பார்க்கிற வீடுகள், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக உள்ள எங்கள் சாலில் நிறைய. போன மாதம் நீங்கள் இரண்டு பகுதிகளாகக் காட்டிய கதை உங்களுக்கு நினைவிருக்கும். டியூஷன் முடிந்து வருகிற பெண்ணை ஒருவன் சந்துக்குள் இழுத்துப் போகிற கதை. தொடக்கத்தில் 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று எழுத்து ஓடியது. எந்த மாநிலம், எந்த ஆண்டு, வழக்கு என்ன ஆயிற்று, ஒன்றும் சொல்லவில்லை. சந்து மட்டும் அச்சு அசல் எங்கள் சந்து.

மறுநாளே பக்கத்து வீட்டுப் பெண்ணின் கோச்சிங் கிளாஸ் நின்றுபோனது.

பதினொன்றாம் வகுப்பு காமர்ஸ் படிக்கிறாள். அப்பா தோல் பட்டறையில் பை தைக்கிறார், அம்மா மாதுங்காவில் வீட்டு வேலை. சயானில் உள்ள கிளாஸுக்குத் தவணையில் ஃபீஸ் கட்டியிருந்தார்கள். இரவு எட்டு மணிக்கு முடியும். தொண்ணூறு அடி சாலை வழியாக நடந்து வருவாள், கூட இரண்டு பெண்கள். அந்த நேரத்தில் அந்தச் சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கால் வைக்க இடம் இருக்காது. மாவுக் கடை, மளிகை, நகைக்கடை எல்லாம் விளக்கு எரிய, தெரிந்த முகங்கள் நிரம்பிய தெரு. கீழே விழுந்தால் தூக்கிவிடப் பத்து பேர் ஓடி வருவார்கள்.

அவள் அப்பாவிடம் பேசிப் பார்த்தேன். "தம்பி, இந்த ரோட்டுல யாரு அவளைத் தொடப் போறா?" என்றேன். "உண்மையா நடந்ததுன்னு அவனே போட்டிருக்கானே அக்கா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்லுவா?" என்றார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. அவர் கெட்ட அப்பா இல்லை. மகள் சி.ஏ. படிக்க வேண்டும் என்று ஓவர்டைம் பார்ப்பவர். நீங்கள் போட்ட அந்த ஒரு வரியை அவர் நம்பினார்.

இப்போது அந்தப் பெண் மாடிக்குப் போகிற இரும்பு ஏணியில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு பேலன்ஸ் ஷீட் போடுகிறாள். தோழி வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோக்களைப் பார்த்துக் கணக்கை எழுதிக்கொள்கிறாள். பாதி போட்டோக்களில் எண் தெரிவதில்லை. இடையில் ஒரு வரி விட்டுப்போனால் இரண்டு பக்கமும் டேலி ஆகாது, ஆசிரியரிடம் கேட்கவும் வழியில்லை. கீழே, அவர்கள் அறையில், டிவியில் உங்கள் தொடரின் மறு ஒளிபரப்பு ஓடுகிறது.

என் கோரிக்கை ஒன்றுதான், இப்போதே சொல்லிவிடுகிறேன். உண்மைச் சம்பவம் என்று போட்டால், அதில் எது உண்மை, வழக்கு எப்படி முடிந்தது என்பதையும் போடுங்கள்.

குற்றங்கள் நடக்கவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எங்கே, யாரால் நடக்கின்றன என்பதுதான் கேள்வி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் உங்கள் கதைக்குழுவிடம் கட்டாயம் இருக்கும். 2022-இல் நாட்டில் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்கு 96-க்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், வேலை கொடுத்தவர், திருமணம் செய்துகொள்கிறேன் என்று சொன்னவர். பெண்களுக்கு எதிரான குற்றங்களில் முதலிடம் கணவனும் அவன் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கு, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதே ஆண்டில் நடந்த 28,522 கொலைகளில் 9,962-க்குக் காரணம் தகராறு. வெளியே சொன்னால் ஒரு வரியில் முடிந்துவிடுகிற சண்டைகள்.

சரி, வீட்டுக்குள் நடக்கிற கதைகளையும் நீங்கள் எடுப்பதுண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றில் பெரும்பாலும் கள்ளக்காதலும் சொத்து ஆசையும்தான். தினம் அடி வாங்கிக்கொண்டு காலையில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்கிறாளே, அவள் கதையில் திருப்பம் எதுவும் இல்லை, அதனால் அவள் வருவதில்லை. மகளைத் தெருவிலிருந்து காப்பாற்றிவிட்டோம் என்று நம்புகிற பெற்றோர், மாமா முறை சொல்லி வீட்டுக்கு வந்து போகிறவனைக் கவனிப்பதில்லை. பயத்தை நீங்கள் தப்பான திசையில் திருப்பி வைத்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

இது தாராவியில் மட்டும் நடப்பதும் இல்லை. ஜார்ஜ் கெர்ப்னர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1970-களிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார். அதிகம் தொலைக்காட்சி பார்ப்பவர்கள், உலகம் உண்மையில் இருப்பதைவிடக் கொடியது என்றும் தாங்களும் தாக்கப்படுவோம் என்றும் கூடுதலாக நம்புகிறார்கள் என்பது அவர் கண்டது. உங்கள் தொழிலில் இருப்பவர்கள் இதைக் கேள்விப்படாமல் இருக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. உங்கள் இன்ஸ்பெக்டர் ஓர் அறை விடுகிறார், குற்றவாளி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான், கதை முடிகிறது. போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலத்தைக் கொண்டு ஒருவரைக் குற்றவாளி என்று நிரூபிக்க முடியாது என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது, இப்போதைய புதிய சட்டத்திலும் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் நார்கோ சோதனை, அதாவது மருந்து ஏற்றி அரை மயக்கத்தில் விசாரிப்பது, செய்யக் கூடாது என்று செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. இதெல்லாம் உங்கள் கதையில் வராது. எங்கள் சாலில் பாதிப் பேருக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம்தான் பூர்வீகம். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் என்ன ஆனார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்காக அன்று அழுத வீடுகளிலேயே, டிவியில் லத்தி எழும்போது இன்று கைதட்டுகிறார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்கும்போது வயிறு எரிகிறது.

தடயவியல் கதையும் இப்படித்தான். உங்கள் லேபில் விளம்பர இடைவேளை முடிவதற்குள் டி.என்.ஏ. முடிவு வந்துவிடுகிறது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை தரக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும் என்ற விதியே 2024 ஜூலையில்தான் சட்டத்தில் வந்தது. அதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் தந்திருக்கிறார்கள். உங்கள் லேபைப் பார்த்துப் பழகியதால், மொபைல் திருட்டுப் புகார் கொடுக்கப் போகிறவர், கைரேகை எடுக்க வரவில்லையே, போலீஸ் காசு வாங்கிவிட்டதோ என்று சந்தேகப்பட்டுக்கொண்டு திரும்பி வருகிறார்.

அப்புறம், அந்தக் கதையில் கடத்தியவன் லுங்கி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, உடைந்த இந்தி பேசினான். அந்த உண்மைச் சம்பவத்தில் குற்றவாளி அப்படித்தான் இருந்தாரா? இல்லை, படப்பிடிப்பில் சேர்த்ததா? விடியற்காலையில் எழுந்து, இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மும்பையின் கட்டடங்களுக்குப் போய் விற்கிற எங்கள் ஆட்களின் தோற்றம் அது. அவர்களைப் பார்த்து வாட்ச்மேன் முகம் சுளித்தால் அதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. ஒரு பிரிவு மக்களை இழிவுபடுத்தும் நிகழ்ச்சி கூடாது என்று 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளே சொல்கின்றன.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தொடரை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவரின் பெயரும் கேட்கவில்லை, அதை வெளியிடாமல் இருப்பதுதான் முறை. தயவுசெய்து, உண்மைச் சம்பவம் என்று போடுகிற ஒவ்வொரு கதையின் முடிவிலும் அரை நிமிடம் ஒதுக்குங்கள். எந்த ஆண்டு, எந்த மாநிலம், எவை கற்பனை, நீதிமன்றம் என்ன சொன்னது, வழக்கு இன்னும் நடக்கிறதா என்பதைப் படித்துக் காட்டுங்கள். எழுதிக் காட்டினால் போதாது, வாசிக்கத் தெரியாத பாட்டிகளும் பார்க்கிறார்கள். கூடவே பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098, அவசரத்துக்கு 112 என்ற எண்களையும் சொல்லுங்கள். இதைச் சொல்ல முடியாத கதைக்கு உண்மைச் சம்பவம் என்ற வரியைப் போடாதீர்கள்.

அந்த டியூஷன் கதையை அடுத்த மாதம் ஞாயிற்றுக்கிழமைச் சிறப்பு நிகழ்ச்சியாக மறுபடியும் ஒளிபரப்பப் போவதாக உங்கள் விளம்பரத்தில் பார்த்தேன். அதிலிருந்தே தொடங்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வழக்கு விவரத்தை நீங்கள் சொன்னால், அவள் அப்பாவைக் கூட்டி வந்து உட்காரவைத்துக் கேட்கச் செய்வது என் பொறுப்பு. முதல் பருவத் தேர்வுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
தாராவியிலிருந்து ஒரு நேயர்