சோலைக்கிளிக்கு ஸ்பீக்கர் வெக்காதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த கோத்தகிரி டூர் கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கடைசில ஒரு டிப்ஸ் குடுத்திருந்தீங்களே, போன்ல பறவையோட பாட்டைப் போட்டுவிட்டா புதர்லருந்து தானா வெளிய வரும், போட்டோ எடுத்துக்கலாம்னு, அதைப் படிச்சதும் சுருக்குனு இருந்துச்சு, அதான் எழுதுறேன்.

எங்க வீடு லாங்வுட் சோலைக்குப் பக்கத்துல. மொத்தமே 116 ஹெக்டேர்தான் அந்தச் சோலை, சுத்தி தேயிலையும் வீடுங்களும். உள்ள சோலைக்கிளி இருக்கு. கிளின்னதும் பச்சையா தேடாதீங்க, மலையாளத்துல கிளின்னா எந்தப் பறவையும்தான், அப்படி வந்த பேரு. சிட்டுக்குருவி சைஸ்தான் இருக்கும், மேலெல்லாம் கருநீலம், வயித்து ஓரம் செங்கல் கலரு. இருட்டு அடிச்சுக் கெடக்குற அடிக்காட்டுல தரையோட தரையா பூச்சி பொறுக்கிட்டுத் திரியும், பாட்டைக் கேட்டிருப்பீங்க ஆனா ஆளைப் பாத்திருக்க மாட்டீங்க. அதனாலதான் எல்லாரும் ஸ்பீக்கரைத் தூக்கிட்டு வர்றாங்க.

அது பாட்டு கேட்டு ஆசையா வரல சார். வேற ஒரு ஆண் குருவி நம்ம எடத்துல பூந்துடுச்சுன்னு சண்டைக்கு வருது! அதுவும் அது முட்டை வெக்குறதே ஏப்ரல்லருந்து ஜூன் வரைக்கும், உங்க சீசன் கூட்டமும் கரெக்டா அப்பதான். பொந்துலயோ மண்திட்டு ஓட்டையிலயோ பாசியை வெச்சு ஒரு கூடு, ரெண்டே முட்டை. போன மே மாசம் ஒரு குரூப் மரத்து வேர்ல ப்ளூடூத் ஸ்பீக்கரைச் சாத்தி வெச்சுட்டு முக்கா மணி நேரம் அதே பாட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டுனாங்க, பாவம் அது இரை தேடாம, கூட்டுப் பக்கம் போகாம, இல்லாத எதிரியைத் தேடி அலைஞ்சுது.

இதுல கூத்து என்னன்னா, எந்த ஊர் ரெக்கார்டிங்குன்னு கேட்டேன், கொடைக்கானலாம். அங்க இருக்கறது வெள்ளை வயித்து சோலைக்கிளி, இனமே வேற. நடுவுல மலை விட்டுப்போய் தாழ்வா கெடக்குற பாலக்காட்டுக் கணவாய் இருக்கு, குளிர்மலைச் சோலையை விட்டு எறங்காத குருவி அந்த வெக்கையைத் தாண்டி எங்க போகும், அங்கங்கயே இருந்து இருந்து தனித்தனி இனமாயிடுச்சு. 2017ல மரபணுவை வெச்சு ஆராய்ச்சி பண்ணி இதுங்களுக்குன்னே ஷோலிகோலான்னு புதுப் பேரினம் வெச்சாங்க, அகத்தியமலைப் பக்கம் இருக்கறதையும் சேத்து மொத்தம் மூணு இனம்னு அந்த ஆராய்ச்சில சொன்னாங்க. மூணும் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்துல வேற எங்கயும் கெடையாது.

பாக்கணும்னா காலைல ஆறரைக்கு வந்து ஓடைப் பக்கம் சத்தம் போடாம உக்காருங்க, அதுவா வந்தா வரும். நானே எத்தனையோ நாள் அட்டைக் கடி வாங்குனதுதான் மிச்சம்னு திரும்பிருக்கேன். அடுத்த இதழ்ல அந்த டிப்ஸ் தப்புன்னு ஒரு வரி போட்டுடுங்க, இந்த சீசனுக்கு முன்னாடியே வந்துட்டா ரொம்ப நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோத்தகிரி