அப்பாவுக்கு, இங்கிலாந்து லெஸ்டர்ல இருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க லெட்டர் வந்து இன்னையோட இருபத்திரெண்டு நாளாச்சு. பிரிச்ச அன்னைக்கே பதில் எழுதணும்னுதான் உக்காந்தேன், முடியல, அப்புறம் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போயிருச்சு. நீங்க கோடு போட்ட தாள்ல ரெண்டு பக்கமும் கை நடுங்க நடுங்க எழுதி, வெயில்ல போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் நடந்து போயி போட்டிருக்கீக, நான் ரெண்டு வாரமா போன்ல கூட ஒழுங்காப் பேசல. மன்னிச்சுக்கங்கப்பா. போன்ல பேசுனா உங்களுக்குக் காது கேக்கல, ஸ்பீக்கர்ல போட்டா தெருவே கேக்குது, அதனால இதை டைப் பண்ணித் தம்பிக்கு அனுப்புறேன். டேய் ராசு, அப்பாகிட்ட நிதானமா வாசிச்சுக் காட்டு, உன்னைப் பத்தியும் இருக்கு, அந்த இடத்தை முழுங்கிராத.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். பாப்பாவுக்குச் சளி விட்டுருச்சு. குளிருதான், ரெண்டு டிகிரி மூணு டிகிரின்னு நிக்குது, காலையில பைப்புத் தண்ணியில கை வச்சா விரல் மரத்துப் போகுது. இப்ப நாலு பேரும் பின்னாடி ரூம்லயே இருக்கோம், ஒரு ரூமுக்கு மட்டும் ஹீட்டர் போட்டாப் போதும், பிள்ளைகளும் கண்ணு முன்னாடியே படிக்கும். அவுகளுக்குக் குடோன்ல இப்ப வாரத்துக்கு மூணு நாள்தான் வேலை, அதுவும் ஒரு விதத்துல நல்லதாப் போச்சு, வீட்டு வேலைக்கு ஆள் தேடாம நாங்களே பாத்துக்கிட்டோம். அம்மாகிட்ட சாப்பாட்டுக்குக் குறை இல்லைன்னு சொல்லுங்க. பெல்கிரேவ் ரோட்டுல குஜராத்திக்காரவுக கடையில முருங்கைக்காய் கூட கிடைக்குது, ஐஸ்ல உறைய வச்சு பாக்கெட்ல வருது, சாம்பார்ல போட்டா நார்நாராப் போயிருது, வாசம் மட்டும் இருக்கு.

நீங்க நாலு வரியில நலம் விசாரிச்சுட்டு மிச்சம் முழுக்க செவுத்தைப் பத்தித்தான் கேட்டிருக்கீக. என்ன செவுரு, என்ன கலவை, யாரு பூசுறாகன்னு. சொல்றேன்.

வீடு நூறு வருசத்துக்கு மேல பழசு. இங்க பனியன் பாக்டரி, செருப்பு பாக்டரில வேலை பாத்தவுகளுக்காக வரிசையா ஒரே மாதிரி கட்டுன வீடு, ஒரு வீட்டுச் செவுருதான் அடுத்த வீட்டுக்கும் செவுரு. வெளிச்செவுரு ஒம்போது இஞ்ச், முழுக்க செங்கல். உள்ள பூச்சு சுண்ணாம்புதான்ப்பா, சிமெண்ட் இல்ல. ஆனா அந்தச் சுண்ணாம்பைக் கண்ணால பாக்குறதுக்கே எனக்கு மூணு வாரம் ஆச்சு, ஏன்னா அது மேல பேப்பரா ஒட்டி வச்சிருக்காக. பழசு மேலயே புதுசு, ஒண்ணு மேல ஒண்ணு. முன் ரூம்ல மட்டும் அஞ்சு அடுக்கு எண்ணுனேன். எல்லாத்துக்கும் மேல இருந்தது மரத்தூள் சிராய வச்சு செஞ்ச பேப்பரு, வுட்சிப்னு பேரு, தடவுனா சொரசொரன்னு கம்பங்கூழ் காஞ்ச மாதிரி இருக்கும். செவுரு மேடு பள்ளமா இருந்தா அதை மறைக்கிறதுக்கு ஒட்டுறது அது. அது மேல எத்தனையோ தடவ பெயிண்ட் அடிச்சிருக்காக.

பேப்பர் மேலயே பூசிரலாமேன்னு தெரிஞ்சவுக ஒருத்தர் சொன்னாக. எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு. வெள்ளையடிச்ச செவுத்துல கொத்து விடாம பூசுனதுக்கு அந்தப் பள்ளத்தூர் வீட்டுல சித்தப்பாவை எல்லாரு முன்னாடியும் வச்சுத் திட்டுனீகளே. பேப்பரு பசையில ஒட்டி நிக்குது, பூச்சோட ஈரம் பட்டா பசை இளகிரும், அப்புறம் பூச்சு எதைப் பிடிச்சு நிக்கும்? முடியாதுன்னு சொல்லிட்டேன்.

மொதல்ல வேலை நடக்குற ரூமுக்குப் போற கரண்ட மட்டும் ஆஃப் பண்ணிட்டோம், ஏன்னா எல்லாம் தண்ணி வேலை, ஸ்விட்ச் பெட்டிக்குள்ள இறங்கிரும். பெயிண்ட் அடிச்ச பேப்பருக்குள்ள தண்ணி போகாது, அதனால முள்ளு உருளை மாதிரி ஒரு சாமான வச்சு மேலாக்க கீறி விடணும், அழுத்தக் கூடாது, அழுத்துனா அடியில இருக்குற சுண்ணாம்புல தழும்பு விழுந்துரும். பெறகு வெதுவெதுன்னு தண்ணியில பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு விட்டு ஸ்பாஞ்சால ஒத்தி, கால் மணி நேரம் ஊற விட்டு, அகலக் கரணை மாதிரி ஒரு தகட்டால கீழருந்து மேல சுரண்டுறது. நைட் டூட்டி முடிச்சு வந்து ரெண்டு மணி நேரம் தூங்கிட்டு இதுலதான் நிப்பேன். கை வலிதான். ஆனா ஒரு முழ நீளத்துக்குக் கிழியாம வந்துச்சுன்னா மனசுக்கு அப்பிடி இருக்கும்ப்பா.

வுட்சிப் மசியவே இல்ல. அதுக்கு ஆவி மெசின் ஒண்ணு, இட்லி கொப்பரை மாதிரி தண்ணி கொதிச்சு, குழாய் வழியா ஒரு தட்டுக்கு ஆவி வரும், தட்ட செவுத்துல பத்து இருபது நொடி வச்சு எடுக்கணும். ஒரு நாள் பாப்பா கூப்பிட்டான்னு திரும்பிட்டேன், கொஞ்சம் கூடுதலா வச்சுட்டேன் போல, சோத்துத் தட்டு அகலத்துக்குப் பூச்சு அப்பிடியே பேந்து கால்ல விழுந்துருச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு, கெடுத்துட்டமேன்னு. எடுத்துப் பாத்தா உள்ள முடிப்பா. நெசமா முடி. செம்பட்டையா, தேங்கா நாரு மாதிரி விறைப்பா, சுண்ணாம்புக்குள்ள குறுக்கும் நெடுக்குமா ஓடுது. மாட்டு முடி, குதிரை முடியக் கலவையில போட்டுப் பிசைவாகளாம், வெடிப்பு விடாம இழுத்துப் பிடிக்க. நீங்க கடுக்காயும் கருப்பட்டித் தண்ணியும் ஊத்துவீக, செட்டியார் வீட்டு வேலையில முட்டை வெள்ளைக்கரு போடுவீக, இவுக முடியப் போட்டிருக்காக. அந்தத் துண்டை உங்களுக்குக் காட்டணும்னு ஒரு டப்பாவுல வச்சிருக்கேன்.

பேப்பர் எல்லாம் போனப்புறம் செவுரு முழுக்கக் கை முட்டியால தட்டிப் பாத்தேன், நீங்க தேங்காய தட்டுற மாதிரி. கணீர்னு கேட்டா விட்டுட்டேன், டொக்குன்னு கேட்ட இடத்துல எல்லாம் சாக்பீஸால வட்டம் போட்டேன், பதினாலு வட்டம். அதுல ரொம்ப உப்புனத மட்டும் உளி வச்சுத் தட்டி எடுத்துட்டோம். ஒரு பக்கம் ஈர விரலால தேச்சா மாவு மாதிரி வெள்ளையா ஒட்டுச்சு, பழைய காலத்து சுண்ணாம்புப் பொடி பெயிண்ட், அதுல எதுவும் பிடிக்காது, மூணு தடவ கழுவுனேன். பசைக் கறையும் சுடுதண்ணி போட்டுக் கழுவி எடுத்தாச்சு. கதவு நிலையில பழைய பெயிண்ட், அதுல ஈயம் இருக்கும், பிள்ளைக இருக்குற வீடுன்னு உப்புத்தாள் வச்சுத் தேய்க்கவே விடல. சீலிங்ல அலை அலையா ஒரு டிசைன், ஆர்டெக்ஸ்னு சொல்லுவாக, பழசுல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், இந்த நாட்டுல 1999லதான் அதை முழுசாத் தடுத்தாக. அதனால அதைத் தொடவே இல்ல, டெஸ்ட்டுக்குக் குடுத்துட்டுத்தான் பாக்கணும். நம்ம மாட்டுக் கொட்டகை ஷீட்டும் அதான், ராசு, அதுல ட்ரில் போடாத, உடைச்சு அடுக்காத.

பக்கத்து வீட்டுப் பாட்டியப் பத்திச் சொல்லணும். எம்பது வயசுக்கு மேல, தனியா இருக்காக, தினமும் காலையில நைட்டி மேல கோட்டு மாட்டிக்கிட்டு எங்க வாசலையும் சேத்துக் கூட்டுவாக. என்னை 'மீ டக்'னு கூப்பிடுவாக, மொத நாளு வாத்துங்குறாகளேன்னு முழிச்சேன், இந்த ஊருல பாசமா அப்பிடித்தான் சொல்லுவாகளாம். நான் சுரண்ட ஆரம்பிச்சதுல இருந்து தினமும் நாலு மணிக்கு, இருட்டுற நேரத்துல, டீய எடுத்துக்கிட்டு வந்து நின்னு பாப்பாக. மூணாவது அடுக்குல நீலப் பூப் போட்ட பேப்பரு வந்த அன்னைக்கு ஒண்ணுமே பேசல. 1962ல கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தப்ப எங்க வீட்டுல இருந்தவுக இந்தப் பேப்பரு முன்னாடி உக்கார வச்சுத்தான் கேக் குடுத்தாகளாம். ஒரு துண்டு குடும்மான்னு வாங்கி, ரெண்டா மடிச்சு, கைப்பைக்குள்ள வச்சுக்கிட்டாக. இங்க எனக்குப் பேச்சுத் துணைக்குப் பஞ்சமே இல்ல, அம்மாகிட்ட சொல்லுங்க, அந்தப் பாட்டி தினமும் வருவாக.

அடுப்பு மாடத்துக்கு மேல கடைசி அடுக்கு வந்தப்ப சாயங்காலம். அவுக வேலைக்குப் போயிருந்தாக, பிள்ளைக ஸ்கூல்ல இருந்து வந்து டிவி பாத்துக்கிட்டு இருந்துச்சுக. வெறும் சுண்ணாம்புல பென்சில்ல கணக்கு எழுதியிருந்துச்சு. மேலருந்து கீழ அஞ்சாறு நம்பரு, ஒண்ணை அடிச்சுத் திருத்தி, அடியில கூட்டி, ரெண்டு கோடு. பேரு இல்ல, தேதி இல்ல. பேப்பர் ஒட்டுன ஆளு எத்தனை சுருள் வேணும்னு கணக்குப் போட்டிருப்பாரு. நான் நின்னு கூட்டிப் பாத்தேன். சரியா இருந்துச்சு.

நீங்க கொட்டகைச் செவுத்துல கரிக்கட்டையால சித்தாள் கணக்கு எழுதுவீகளே. காளி மூணரை, செல்லம்மா நாலு. சனிக்கிழமை சாயங்காலம் வந்து காரைக் கையோட திண்ணையில உக்காந்து, 'ஏ கழுத, இதைக் கூட்டு'ன்னு என்னைக் கூப்பிடுவீக, நான் அஞ்சாப்பு படிக்கிறப்ப. நான் சொன்ன தொகைய திருப்பிப் பாக்காம அப்பிடியே எண்ணிக் குடுப்பீக. அதை நெனச்சு அந்தச் செவுத்துல கைய வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியலப்பா. உங்க மேல அடிக்கிற சுண்ணாம்பு வாசம்தான் அந்த ரூம் முழுக்க. ஊருக்கு வரணும் போல இருக்கு. டிக்கெட் இந்த வருசம் பாக்கல, அடுத்த வருசம் கண்டிப்பா.

சரி, வேலைக்கு வர்றேன். உள் செவுரு மூணுக்கும் ஜிப்சம் பூச்சு, ரெண்டு மூணு மில்லிதான் கனம். பூசுறதுக்கு மட்டும் ஆள் சொல்லியிருக்கு, ஒரு நாள் கூலி, தயார் பண்றது பூராம் நாங்க. அவரு மொதல்ல ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையத் தண்ணியா கரைச்சு ஒரு கோட்டு, காஞ்சப்புறம் கெட்டியா ஒரு கோட்டு, அது பிசுபிசுன்னு இருக்குறப்பவே பூச்சு. நம்ம சிமெண்ட் பால் ஊத்துற மாதிரிதான். ஆனா ஒன்றரை மணி நேரத்துல இறுகிரும், தண்ணி அடிக்கவே கூடாதாம், காய மட்டும் விடணும். வெளிச்செவுத்துக்கு மட்டும் ஜிப்சம் வேணாம்னு நான் பிடிவாதமா இருக்கேன், அதுல ஈரம் ஏறுது, சுண்ணாம்புன்னாத்தான் மூச்சு விடும். அஞ்சு டிகிரிக்குக் கீழ சுண்ணாம்பு வேலை செஞ்சா பனியில கெட்டுப்போயிரும், அதனால அதை ஏப்ரலுக்கு மேல நானே பூசப் போறேன். பூச்சுத் தேய்க்கிற உங்க மணியாசுக்கட்டைய அப்பத்தா திவசத்துக்கு வந்துட்டுத் திரும்புற தேவகோட்டை மாமா மகன்கிட்ட குடுத்து விட முடியுமா? சின்னது போதும்.

ராசு, உனக்கு. பழைய வீட்டு ஹால் செவுத்துல சிமெண்ட் பூசி புட்டி வைக்கப் போறேன்னு அப்பா எழுதியிருக்காக. வேணாம்டா. அது சுண்ணாம்புச் செவுரு, மேல சிமெண்ட் போட்டா ஈரம் உள்ளயே நிக்கும், ரெண்டு மழைக்குத் தகடு தகடா விழும். மொதல்ல தட்டிப் பாரு, உப்புனத மட்டும் எடு, அப்பாவ நாற்காலி போட்டு உக்கார வச்சு அவுக சொல்ற கலவையப் போடு. கொட்டகைய இடிக்கிறதா இருந்தா அந்தக் கரிக்கணக்கு இருக்குற இடத்த மொதல்ல போட்டோ எடுத்து அனுப்பு.

பெரியப்பா பங்கு விசயம், நான் குறுக்க நிக்கல, அம்மாவுக்கு இருக்க இடம் எழுத்துல இருந்தாப் போதும். பவர் எழுத நான் பர்மிங்காம் கான்சுலேட்டுக்குப் போகணும், ரயில்ல ஒரு மணி நேரம், லீவு போட்டுப் போறேன். பத்திரம் அங்க வந்து சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரை வச்சாகணும், அதனால வக்கீல்கிட்ட வாசகத்த முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க, அவசரப்பட்டு நான் அனுப்பிரக் கூடாது. இந்த மாசப் பணம் பத்தாம் தேதிக்கு மேலதான் வரும், ஒண்ணுமில்ல, சம்பளத் தேதி மாறியிருக்கு. அம்மா கண்ணு ஆபரேசனை அதுக்காகத் தள்ளிப் போட வேணாம், கோட்டையூர் அத்தைகிட்ட வாங்கிக்கங்க, நான் அத்தைக்கே நேரா அனுப்பிருறேன்.

கடுக்காயை எத்தனை நாள் ஊற வைக்கணும்ப்பா? மூணு நாளா, ஏழு நாளா? எனக்கு மறந்துருச்சு. நீங்களே கைப்பட எழுதுங்க, லேட்டா வந்தாலும் பரவாயில்ல, ஏப்ரல் வரைக்கும் நேரம் இருக்கு.

உங்க மக