அபராதம் கட்டினால் தலை சரியாகிவிடுமா?

கனடிய ஃபுட்பால் லீக் நிர்வாகத்தாருக்கு,

கால்கரி அணியில் ஆடிய ஜான் கார்னிஷைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகி, 2019இல் சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமிலும் சேர்த்தாயிற்றே, இப்போது என்ன என்று கேட்பீர்கள். விஷயம் இன்னும் தீரவில்லை என்பதால்தான்.

பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக் என்றாலே பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள்தான் என்றிருந்த லீகில், நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் பிறந்த இந்த ஆள் கால்கரிக்காக 2012இல் 1,457 யார்டு ஓடி, 1956 முதல் யாரும் தொடாமல் கிடந்த, ஒரே சீசனில் அதிக தூரம் ஓடிய கனடியர் என்ற நார்மி குவாங்கின் சாதனையை உடைத்தார். அடுத்த வருடம் 1,813. லீகின் தலைசிறந்த வீரர் விருது 35 வருடம் கழித்து ஒரு கனடியர் கைக்கு வந்தது. இத்தனைக்கும் நடுவில் வங்கி வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார் (சம்பளக் கதையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்).

அப்புறம் 2014. சீசன் தொடக்கத்திலேயே, மாண்ட்ரியாலுடன் நடந்த ஆட்டத்தில், பந்தோடு ஓடியவரை எதிரணிக்காரர் கையை வீசிக் கழுத்து உயரத்தில் அடித்துச் சாய்த்தார். மூளை அதிர்ச்சி. அந்த சீசனின் 18 ஆட்டங்களில் கார்னிஷ் இறங்கியது ஒன்பதில்தான். அடித்தவருக்கு வெறும் அபராதம்.

அந்த ஒன்பதே ஆட்டத்தில் 1,082 யார்டு எடுத்து மூன்றாவது முறையாக ஓட்டத்தில் முதலிடம் பிடித்தார், கால்கரி லீகின் சாம்பியன் கோப்பையான கிரே கப்பையும் வென்றது, சரி, எல்லாரும் கைதட்டிவிட்டு அந்த அடியை மறந்துவிட்டோம். மறுவருடம் திரும்பவும் தலையில் அடி. 2015 டிசம்பரில், 31 வயதில், 6,844 யார்டோடு முடித்துக்கொண்டார்.

2027இல் 110 யார்டு ஆடுகளத்தை 100 ஆக்கி, கோல் கம்பத்தையே பின்னால் தள்ளப் போவதாக அறிவித்தவர்கள் நீங்கள். அதோடு இதையும் மாற்றுங்கள்: தலைக்கு விழுந்த அடி விதிமீறல் என்று நீங்களே தீர்மானித்தால், அடிபட்டவர் களத்துக்குத் திரும்பும் வரை அடித்தவரும் வெளியே உட்காரட்டும். வேண்டுமென்றே ஆளை இறக்காமல் எதிரணியைப் பழிவாங்குவார்கள் என்பீர்கள். நியாயம்தான். எப்போது இறங்கலாம் என்பதை எந்த அணியையும் சேராத மருத்துவர் சொல்லட்டும், அதிகபட்சம் அந்த சீசன் முடியும் வரை என்று எல்லையும் வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்