கடலோரத்திலிருந்து ஒரு கொத்தனார் எழுதுவது

அன்புள்ள செல்வத்துக்கு,

நானும் அம்மாவும் இங்கே நலம். குளிர்தான் எலும்பைப் பிடிக்கிறது.

போன சனிக்கிழமை உன் தங்கை எங்களைப் ‘பன்னிரு அப்போஸ்தலர்’ என்ற பாறைகளைப் பார்க்க அழைத்துப்போனாள். மெல்பர்னுக்குத் தென்மேற்கே கடலை ஒட்டியே போகும் சாலை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919-இல் தொடங்கி 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் போட்டதாம். வளைவுக்கு வளைவு அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடியே வந்தாள். நான் அந்த மலைச்சரிவை எப்படி வெட்டியிருப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

பெயரில்தான் பன்னிரண்டு. எண்ணினேன், ஏழு வந்தது. தங்கை எட்டு என்கிறாள். பெயர் வைத்தபோதே ஒன்பதுதானாம். அதிலும் ஒன்று 2005 ஜூலையில் சரிந்து கற்குவியலாகிவிட்டது. அதற்கு முந்திய பெயர் ‘தாய்ப்பன்றியும் குட்டிகளும்’. அதையே விட்டிருந்தால் எண்ணிக்கைத் தகராறு வந்திருக்காது.

கன்னியாகுமரியைப் பார்த்துப் பழகிய நமக்குக் கடற்பாறை என்றால் கருங்கல். இது சுண்ணாம்புக்கல். அம்மாவை மேலேயே உட்காரவைத்துவிட்டு, கிப்சன் படிகள் 86-ஐயும் இறங்கிப் போய்ப் பாறையில் கை வைத்தேன். மஞ்சள் பொடி விரலில் ஒட்டிக்கொண்டது. நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது, பழைய வீட்டுக் காரைச் சுவர் மாதிரி. கையைப் புதுப் பேண்டில் துடைத்ததற்குத் தங்கையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதற்கும் தெற்கே அண்டார்டிகா வரை தரையே கிடையாது. அங்கிருந்து ஓடிவரும் அலை நிலத்தின் மூக்கை அடியில் குடைகிறது. இரண்டு பக்கமும் குடைந்து துளை விழுந்தால் கமான். கமானின் உச்சி இடிந்தால் தூண் தனியாக நிற்கிறது. சில தூண்கள் 45 மீட்டர் இருக்கும். மேலே பாரம், கீழே இடுப்பு ஒடுங்கிக் கிடக்கிறது. எனக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கக் கை துறுதுறுத்தது.

கொஞ்சம் மேற்கே ‘லண்டன் பாலம்’. இரட்டைக் கமானாக இருந்த பாறை. மேலே ஆட்கள் நடந்து போவார்களாம். 1990 ஜனவரியில் கரைப்பக்கத்துக் கமான் அப்படியே கடலில் விழுந்துவிட்டது. இரண்டு பேர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் வந்துதான் மீட்டது. சாரம் முறிந்து நான் சன்னல் சட்டத்தில் தொங்கிய கதை உனக்குத் தெரியுமே. எனக்கு ஓர் ஏணி போதுமாக இருந்தது. அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். காரில் ஏறச் சொல்லித் தங்கை இரண்டு முறை கூப்பிட்டாள்.

திரும்பும் வழியில் நம் கிணற்றடிச் சுவர் நினைவுக்கு வந்தது. போன ஐப்பசி மழையில் அடிப்பக்கம் காரை பெயர்ந்திருந்ததே, ஆள் வைத்துப் பார்த்தாயா? மேலோட்டமாகச் சிமெண்டுப் பூச்சு பூசி ஏமாற்றிவிடுவார்கள், விடாதே. ஒரு முழம் தோண்டச் சொல். ஊறிப்போன செங்கலை எடுத்துவிட்டுப் புதுக்கல் வைக்க வேண்டும். அதுவரை குழந்தைகளை அந்தப் பக்கம் விளையாட விடாதே.

அன்புடன்,
அப்பா