அந்த நாலு மாடி வீட்டை மட்டும் விற்காதே

தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை, அக்கா வந்துவிட்டுப் போனாள், குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது, அதை முதலில் உன்னிடம்தான் காட்ட வேண்டுமாம். செய்தி அவ்வளவுதான்.

சின்ன மாமா ஒரு படம் அனுப்பி, "இது நம்ம பையனுடையது மாதிரி இருக்கே" என்று கேட்டிருந்தார். விற்பனைக்கு என்று யாரோ போட்ட படம், பெயர் எதுவும் இல்லை. ஆனால் மூன்றாவது மாடியில் பாதி கிழிந்து தொங்குகிற அந்தப் பச்சைச் சுவர்த்தாள், அக்கா கல்யாணத்துக்கு வந்த பரிசுப் பெட்டியைச் சுற்றியிருந்த காகிதம், அதை வேறு எவன் ஒரு பொம்மை வீட்டுக்குள் ஒட்டியிருக்கப் போகிறான்? ஸ்டாலின்கிராட் சண்டையில் பெயர் பெற்ற அந்த நாலு மாடிப் பாவ்லோவ் வீடு, நீ செய்த மாடல். பக்கத்தில் தேவாலயம், பண்ணை வீடுகள், உடைந்த பாலத்தின் ஒரு முனை, நீ ராணுவக் கொட்டகை என்று சொல்வாயே அது, எல்லாம் வரிசையாக நிற்கின்றன. பொம்மைச் சிப்பாய்களை மட்டும் பட்டியலில் காணோம்.

நான் அதைப் பற்றி நிறைய யோசித்தேன். காசு வேண்டும் என்பவன் முதலில் சிப்பாய்களைத்தான் விற்பான், அவைதான் சட்டென்று போகும், தபாலில் அனுப்பவும் சுலபம். சிப்பாய்களை வைத்துக்கொண்டு வீடுகளை விற்கிறவனுக்கு இடம் இல்லை என்று அர்த்தம். ஐம்பது சிப்பாய்களை ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடக்கிவிடலாம், நாலு வீட்டுக்கு ஒரு அறை வேண்டும். உனக்கு ஒரு அறை இருந்ததே. படத்தில் பின்னால் தெரிகிற நீலச் சுவர் யார் வீட்டுச் சுவர் என்று நான் கேட்கவில்லை. சரி, அதை விடு.

விற்பது உன் இஷ்டம். ஆனால் விற்கிறவன் ஒழுங்காக விற்க வேண்டாமா? பட்டியலில் 1/35, அதாவது அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்று எழுதிவிட்டு அளவு காட்ட நிறுத்தி வைத்திருப்பது 1/30 சிப்பாயை. எனக்கே தெரிகிறது, வாங்குகிறவனுக்குத் தெரியாதா? இரண்டு மீட்டர் கதவு 1/35இல் 57 மில்லிமீட்டர். ஆள் 1.75 மீட்டர் என்றால் 1/30இல் 58 மில்லிமீட்டர் வருவான், காலடியில் இருக்கும் தகடு மூன்று மில்லிமீட்டர் என்று வை, 61 ஆகிவிட்டது. ஆள் கதவு நிலையில் தலை இடித்துக்கொண்டு நிற்கிறான். நீதான் எனக்கு இதையெல்லாம் காகிதத்தில் போட்டுக் காட்டினாய், டாமியா கம்பெனி 1/35, கிங் அண்ட் கன்ட்ரி கம்பெனி 1/30, தாத்தாவுடைய 54 மில்லிமீட்டர் ஆட்கள் கிட்டத்தட்ட 1/32, ரயில் மாடல்காரர்களின் வீடுகள் 1/76, 1/87, அவற்றை மேசையின் பின்கோடியில் வைத்தால்தான் தூரத்து வீடாகத் தெரியும், முன்னால் வைத்தால் கோழிக்கூண்டு என்று. அவ்வளவு கறாராகப் பேசியவன் இப்படி ஒரு படம் எடுத்துப் போட்டிருக்கிறான் என்றால் அவசரத்தில் எடுத்திருக்கிறான். என்ன அவசரம்?

தேவாலயத்தை விற்றுக்கொள். அது நீ வாங்கியதுதானே, செய்தது இல்லையே. கோபுரத்தில் பாராசூட் மாட்டிக்கொண்டு தொங்கினாரே அமெரிக்கச் சிப்பாய் ஜான் ஸ்டீல், 1944 ஜூன் 6 அன்று, பிரான்ஸில் சாந்த் மேர் எக்லீஸ் ஊரில், அவரைச் சேர்த்துக் கொடுப்பதா தனியாக எடுத்து வைப்பதா என்று மட்டும் முடிவு செய். கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்ட துண்டு என்றால் அதை முதல் வரியில் எழுது. அசல் பெட்டி இருந்தால் அதையும் படம் எடுத்துப் போடு. வெடிப்பு, நிறம் உதிர்ந்த இடம், ஒட்டிய இடம், எதையும் மறைக்காதே. அனுப்பும்போது குமிழித் தாளை நேராகப் பெயின்ட் மேல் சுற்றாதே, வெயிலில் வண்டிக்குள் கிடந்தால் குமிழி குமிழியாகத் தடம் விழுந்துவிடும், முதலில் மெல்லிய வெள்ளைக் காகிதம், அதற்கு மேல்தான் குமிழித் தாள், பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. பிளாஸ்டர் சுவர் என்றால் மூலைகளுக்குப் பஞ்சு. ரெசின் என்கிற வார்ப்புப் பிளாஸ்டிக் கனம், விழுந்தால் தெறிக்கும். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்கிறேன்.

அந்த நாலு மாடி வீட்டை மட்டும் விற்காதே.

அதை நீ வெறும் ஃபோம் பலகையிலிருந்து எழுப்பியதை நான் ஒவ்வொரு கட்டமாகப் படத்தில் பார்த்திருக்கிறேன். ஸ்பிரே பெயின்ட் அடித்து முதல் சுவரே கரைந்து போனது, அப்புறம் பசை கலந்த கறுப்புப் பெயின்டைத் தூரிகையால் பூசி மூடிவிட்டு மேலே அடித்தது, எல்லாம் நினைவிருக்கிறது. 14 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டு 40 சென்டிமீட்டருக்குக் கட்டினாய், முழு அகலம் மேசையில் அடங்காது என்று ஜன்னல் வரிசையைக் குறைத்துவிட்டு அதற்காக ஒரு வாரம் வருத்தப்பட்டாய். கடையில் வாங்குகிற வீடுகளையே நீளத்தையும் அகலத்தையும் சுருக்கித்தான் செய்கிறார்கள், பாதிக்கு மேல் முன்சுவர் மட்டும்தான், பின்னால் ஒன்றுமே இருக்காது என்று நீயே சொல்லுவாய், ஆனாலும் வருத்தம்.

நான் மாமாவிடமும் மற்றவர்களிடமும் பெருமையாகச் சொல்வது அந்த இடிபாட்டைப் பற்றித்தான். இடிந்த வீடு செய்பவர்களில் பலரும் சுவரைக் கோணல்மாணலாக வெட்டிவிட்டுக் கீழே நாலு கல்லைத் தூவி விடுகிறார்கள். நீ அப்படிச் செய்யவில்லை. மேலே எவ்வளவு சுவர் காணாமல் போயிருக்கிறதோ அவ்வளவு செங்கல் கீழே கிடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டாய். தளம் விழுந்த மட்டத்தில் உத்தரம் நுழைந்திருந்த குழிகள் வரிசையாகத் தெரிய வேண்டும், கூரை உள்பக்கமாக விழுந்தால் ஓடுகள் குவியலுக்கு மேலே வரும், பலகைகள் அதற்கடியில், எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்புத் தூசி ஒரே சாம்பலாகப் படிந்திருக்கும், மழை பெய்த பிறகுதான் செங்கல் சிவப்பு வெளியே வரும். புகைபோக்கி கடைசிவரை நிற்கும், போர்க்காலப் படங்களைப் பார்த்தால் ஊரே தரைமட்டமாகி அடுப்பும் புகைபோக்கியும் மட்டும் நிற்கும் தெருக்கள் இருக்கின்றன. வேக்குவம் முறையில் அச்சின் மேல் இழுத்துச் செய்த பிளாஸ்டிக் சுவர்களை, மினியார்ட் கம்பெனியுடையது மாதிரி, இரண்டு பக்கமும் ஒட்டிப் பயன்படுத்துகிறவர்களுக்கு அந்தச் சுவரின் தடிமனில் செங்கலே தெரியாது, இணைப்புக் கோடுதான் தெரியும், நீ அங்கே ஒவ்வொரு செங்கலாகக் கீறியிருந்தாய். இப்படி ஒரு பொறுமை நம் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை. எனக்குச் சத்தியமாக இல்லை.

அப்புறம் அந்த நிலவறை. 1942 செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் 25 வரை சார்ஜன்ட் பாவ்லோவும் மற்றவர்களும் மேலே பிடித்து வைத்திருந்தார்கள் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள், கீழே நிலவறையில் குடிமக்கள் இருந்தார்கள், தாய்மார்கள், குழந்தைகள் இருந்தார்கள். நீ அதற்காகவே வீட்டுக்கடியில் ஒரு அறை வைத்தாய், வீட்டைத் தூக்கிப் பார்த்தால் ஒழிய யாருக்கும் தெரியாது, அதில் ஒரு தாயும் பிள்ளையும் ஒரு சின்ன அடுப்பும். அவர்களைச் செய்தது நீ இல்லை என்று சொன்னாய். மருமகள்தான் செய்தாள் என்று சொன்னாய். விற்பதற்கு முன் அவளிடம் கேட்டாயா? விலை எழுதியிருக்கிறாயே, அது இரண்டு பேர் செய்த சாமானுக்கு எழுதிய விலையா? அவளுக்கும் ஒரு வார்த்தை இருக்க வேண்டும், கோபத்தில் இருந்தாலும் சரி, அந்த அடுப்பு அவளுடையது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. குடை விஷயத்தில் நடந்தது போல இதுவும் எல்லோர் வாயிலும் விழ வேண்டாம்.

பணம்தான் என்றால் அதையும் சொல்லிவிடலாம். வாட்டர்லூ போர்க்களத்தை மாடலாகச் செய்த வில்லியம் சைபோர்ன் கதையை எனக்குச் சொன்னவனே நீதான். மனிதர் 1830இல் களத்தை அளக்கப் போய் லா ஹே செயின்ட் பண்ணை வீட்டிலேயே எட்டு மாதம் தங்கிவிட்டார், 1833இல் அரசாங்கம் பணத்தை நிறுத்திவிட்டது, கடன்பட்டு முடித்து 1838இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார், கூட்டம் வந்தது, போட்ட பணம் வரவில்லை. அந்த மாடல் இன்றும் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கடன்பட்டதற்காக அவரை இன்று யாரும் குறைத்துப் பேசுவதில்லை. நீ அப்போது அவரைப் பைத்தியம் என்று சிரித்தாய், நான் சிரிக்கவில்லை. கடன் எவ்வளவு என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. இருக்கிறதா இல்லையா என்று ஒரு வரி போதும். அதுகூட வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் போன மாதம் அக்காவிடம் "எல்லாம் நல்லா இருக்கு" என்று இரண்டு தடவை சொன்னாயாமே. நல்லா இருக்கிறவன் ஒரு தடவைதான் சொல்வான்.

தாத்தாவின் ஈயச் சிப்பாய்களைப் பற்றி ஒரு கவலை. அவற்றை எங்கே வைத்திருக்கிறாய்? வீடுகளைக் காலி செய்கிற வேகத்தில் எம்டிஎஃப் என்கிற மரநார்ப் பலகையில் வெட்டிய அந்தக் கொட்டகைச் சுவர்களோடு ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடாதே. ஓக் மரமும் எம்டிஎஃப்பும் அமில ஆவி விடும், மூடிய இடத்தில் அது ஈயத்தை அரிக்கும், முதலில் பாதத்தில் வெள்ளைப் பொடி தெரியும், அப்புறம் உள்ளிருந்து உதிர ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. பிரிட்டன்ஸ் கம்பெனி 1893இலிருந்து உள்ளே கூடாக வார்த்த ஆட்கள், அவர்களே 1966இல் ஈயத்தை விட்டுவிட்டார்கள், இனி யாரும் செய்து தரப்போவதில்லை. அமிலமில்லாத காகிதத்தில் தனித்தனியாகச் சுற்று, காற்று போகிற பெட்டியில் வை, மூடியே வைக்காதே, இடையிடையே திறந்து பார். தொட்டால் கையைக் கழுவு. ரெசினைத் தேய்க்கும்போது முகமூடி போடு, தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. போடுகிறாயா? ஜன்னல் இருக்கிற அறைதானே இப்போது?

வேலைக்கு ஒழுங்காகப் போகிறாய் என்பது மாமா சொல்லித் தெரியும். அதில் எனக்குச் சந்தோஷம். நீ எதையும் பாதியில் விட்டவன் இல்லை, சின்ன வயதிலிருந்தே இல்லை, அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே நாளில் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துப் போட்டிருப்பதைப் பார்த்ததும் எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அப்பனிடம் சொல்லாமல் முன்பின் தெரியாத ஒருவனிடம் "விலையைக் குறைக்கலாம்" என்று எழுதியிருக்கிறாயே.

சரி, வழி சொல்கிறேன். உன் பழைய அறையில் புத்தக அலமாரியின் நடுத்தட்டைக் கழற்றிவிட்டேன். உள்ளே உயரம் 46 சென்டிமீட்டர், ஆழம் 38, அகலம் 90க்கு மேல். நாலு மாடி வீடு தாராளமாக நிற்கும், பக்கத்தில் பண்ணை வீடுகளும் நிற்கும், பாலத்தைப் படுக்க வைக்க வேண்டியிருக்கும். ஓக் மரம் இல்லை, பார்த்துவிட்டேன். ஜன்னலுக்கு எதிரே இல்லை, அதனால் வெயில் பட்டு நிறம் போகாது. மற்றதை விற்றுக்கொள், இதை விற்றதாக அந்தப் பட்டியலில் எழுதிவிடு. மாமா வண்டி தருகிறேன் என்றார், நானும் அவரும் வந்து தூக்கிக்கொண்டு வருகிறோம். வாசலில் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம், உள்ளே வந்து எதையும் பார்க்க மாட்டோம், உனக்கு விருப்பம் இருந்தால் ஒழிய. நிலவறையில் இருப்பவர்கள் ஆடாமல் இருக்க அடியில் பஞ்சு வைத்து ஒட்டிவிடு. எந்தக் கிழமை என்று மட்டும் சொல், எந்த விலாசம் என்றும் சொல்.

அப்பா